எல்லயில சின்ன சிவனொளிபாத மலை ஏறினது, வழியில சந்திச்ச அம்மா

மலை ஏற ஆசையா இருக்கு ஆனா முட்டி வலி, கூட சின்னப் பிள்ளைங்க வேற இருக்காங்கன்னு யோசிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இலங்கையில எல்லங்கிற ஊர்ல இருக்கிற சின்ன சிவனொளிபாத மலைதான். பெரிய சிவனொளிபாதம் 2243 மீட்டர், இது 1141தான், அதுலயும் எல்ல டவுனே ஆயிரம் மீட்டருக்கு மேல இருக்கிறதால நாம ஏறுறது கொஞ்சம்தான்.

நானும் சித்தியும் ஆகஸ்ட்ல போனோம். விடியக்காலையே கிளம்பிட்டோம், பசறை ரோட்டுல கொஞ்ச தூரம் நடந்து வலது பக்கம் தோட்டத்துக்குள்ள திரும்பணும், அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் தேயிலைதான், ஏத்தமே தெரியாது, கடைசியில மட்டும் படி வரும். அந்த நேரத்துக்கு ஆளே இல்ல, ஒரு நாய் மட்டும் பழகின ஆள் மாதிரி கூடவே மேல வரைக்கும் வந்துச்சு. உச்சியில புத்தர் சிலை இருக்கு, எதிர்ல எல்ல மலைப்பாறை, நடுவுல அந்தப் பெரிய பள்ளம், கீழ வெல்லவாய ரோடு வளைஞ்சு வளைஞ்சு எறங்குது. காத்துன்னா அப்படி ஒரு காத்து, சித்தி முந்தானைய இடுப்புல இறுக்கிச் சொருகிக்கிட்டுதான் நின்னாங்க. அதுக்கு அங்கிட்டும் சின்னச் சின்ன உச்சி இருக்கு, ஆனா பாதை செங்குத்து, காலுக்கடியில மண் சறுக்குது, முட்டி வலிக்காரங்க முதல் உச்சியோட திரும்புறது நல்லது.

எனக்கு அன்னைக்கு மனசுல நின்னது எறங்கும்போது நடந்ததுதான். கொழுந்து எடுக்க வந்திருந்தாங்க, அதுல வயசான ஒரு அம்மா சித்திய பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தோட்டம் புள்ள?" சித்தி அப்புத்தளைப் பக்கம்னு சொன்னதும் முகமே மாறிடுச்சு, "அங்கயும் கச்சான் காத்து இப்படித்தான் அடிக்குதா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பேசுனாங்க பாருங்க, நான் கொழும்புல வளர்ந்தவ, பாதி புரியல, சித்திதான் சொல்லிக் கொடுத்தாங்க. எதிர் மலை ஒரே குச்சியா மொட்டையா நின்னுச்சு, செடி பட்டுப்போச்சோன்னு நெனச்சேன், "இல்ல புள்ள, கவ்வாத்து வெட்டியிருக்கு, தளிர்த்து வரும்"னாங்க. இந்தக் கச்சான் காத்து ஜூலையிலருந்து செப்டம்பர் வரைக்கும் வறண்டு அடிக்கும், கொழுந்து வர்றது கொறஞ்சிரும், ஆனா எல்ல இருக்கிற இந்த ஊவா மாகாணத்துத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வர்றதே இந்தக் காத்தாலதானாம். நாங்க உச்சியில நின்னு ரசிச்ச காத்து, அந்தம்மாவுக்கு அன்னைக்கு எத்தனை கிலோ தேறும்னு முடிவு பண்ற காத்து. பேசுறப்ப கூட அவங்க கை ஒரு நிமிஷம் நிக்கல.

போறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன், போட்டோவுக்காக செடிக்கு நடுவுல பூந்து நிக்காதீங்க, வரிசை மட்டமா இருந்தாத்தான் அவங்களால வேகமா எடுக்க முடியும், கிளை ஒடிஞ்சா கஷ்டம் அவங்களுக்குத்தான். கொழுந்து மூட்டையோட யாராவது எதிர்ல வந்தா நாமதான் ஒதுங்கணும், அது அவங்க வேலைக்குப் போற பாதை. நேரம் இருந்தா ஒரு வார்த்தை தமிழ்ல பேசிப் பாருங்க. நவம்பர், டிசம்பர்ல போறதா இருந்தா குடையோட நல்ல பிடிமானம் உள்ள சப்பாத்தும் வேணும், அப்ப அந்தப் பக்கம் மழை சீசன், படியெல்லாம் வழுக்கும்.