முழங்கால் வலிக்குப் போய் பிபியோடு திரும்பிய கதை

முழங்கால் வலி என்றுதான் டாக்டரிடம் போனேன். பிபி பற்றி யோசனையே இல்லை. வெளியே நின்று போனில் ஒருவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது என் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஓட்டமும் நடையுமாக உள்ளே போனேன். உட்காரக் கொடுத்தது சாய்மானம் இல்லாத ஸ்டூல். நர்ஸ் சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தார். என் கை பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை இறுகும்போதே டாக்டர், "வலி எத்தனை நாளா?" என்று கேட்க, நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

164/98. "பிபி எத்தனை வருஷமா இருக்கு?" என்றார். எனக்கு பிபியே கிடையாது என்றேன். சிரித்தார். அதற்கப்புறம் முழங்காலைப் பற்றி யாரும் பேசவில்லை. மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தேன்.

மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இந்த அம்மாவின் அறை முந்தையதைவிடச் சின்னது. ஆனால் சாய்ந்து உட்கார நாற்காலி இருந்தது. காலைக் குறுக்கே போடாமல் இரண்டு பாதத்தையும் தரையில் வைக்கச் சொன்னார். சட்டைக் கையைக் கழற்றி, கையை மேஜைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்தார். "அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்க" என்று சொல்லிவிட்டு வேறு ஏதோ எழுத ஆரம்பித்தார். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். மேல் எண் முதல் முறை 148. ஒரு நிமிடம் விட்டு 136. மறுபடி 134.

"மாத்திரையை இப்போதைக்குத் தொடாதீங்க. வீட்டில் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார். மணிக்கட்டில் கட்டுகிற கருவி வேண்டாம், மேல் கையில் கட்டுவதுதான் வேண்டும். ஏழு நாள், காலையும் மாலையும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை. முதல் நாள் கணக்கை அடித்துவிட்டு மீதிக்குச் சராசரி. எனக்கு வந்தது 128/82. கிளினிக்கில் 140/90 எல்லை என்றால் வீட்டில் 135/85தான் எல்லையாம். கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பதற்கு வெள்ளைக் கோட்டு பிபி என்றே பெயர் இருக்கிறது. அதற்காகத் தப்பித்தோம் என்று இருந்துவிடக் கூடாதாம், இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னாளில் நிஜ பிபி வருகிற வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அவ்வப்போது பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

அந்த நர்ஸ் நானாகக்கூட இருந்திருக்கலாம். பதினோரு வருஷம் ஒரு கிளினிக்கில் இருந்தேன். சட்டைமேல் பட்டை சுற்றக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். வெளியே நாற்பது பேர், உள்ளே ஒரே ஸ்டூல் என்றால் தெரிந்தது எல்லாம் கையில் நிற்காது.

1983-இல் இத்தாலியில் ஒரு ஆய்வு செய்தார்கள். நோயாளிகளின் ரத்தக் குழாய்க்குள்ளேயே அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்துகொண்டிருக்கும்போது டாக்டர் உள்ளே வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். மேல் எண் சராசரியாக 27 புள்ளி ஏறியது. சில வருஷம் கழித்து அதே குழு நர்ஸை அனுப்பிப் பார்த்தபோது ஏற்றம் அதைவிடக் குறைவு. இதை எங்கள் கிளினிக் டாக்டரிடம் சொன்னபோது அவர் அவ்வளவாக ரசிக்கவில்லை.

கடைசியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான்: அறைக்கு வெளியே சுவர் ஓரமாகச் சாய்மான நாற்காலி ஒன்று போட்டோம். உள்ளே ஒருவர் இருக்கும்போது அடுத்தவர் அங்கே உட்காருவார், அங்கேயே பிபி பார்ப்போம். அப்புறம் பெரிய பட்டையைப் பூட்டிய இழுப்பறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூடத்தான் காட்டும். அது வரைக்கும் எத்தனை பேருக்குக் கூடுதலாக எழுதினேனோ!

*

எனக்கு நடந்தது பிபியில் இல்லை, கதவருகில். இருமல் என்று போனேன். டாக்டர் கணினியைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே கேட்டார், நானும் இருமலை மட்டும் சொன்னேன். சீட்டு வாங்கி எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் வாய் வந்தது: "ஒண்ணுமில்ல டாக்டர், மாடி ஏறினா நெஞ்சு கொஞ்சம் இறுக்குது."

தட்டுவது நின்றது. "வந்து உட்காருங்க" என்றார். அன்றே இசிஜி, அந்த வாரமே ஸ்டென்ட்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாகப் பதினெட்டு வினாடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984-லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. ஆனால் என்னை யாரும் குறுக்கிடவில்லையே! உள்ளே இருக்கும்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, கிளம்பும்போது பயம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன், பயமாக இருப்பதை முதல் வரியில்.

*

உள்ளே போவதற்கு முன்னாலேயே வாய் அடைத்துவிடும் இடம் ஒன்று உண்டு, வரவேற்பு மேஜை. நான் அங்கே வேலை பார்த்தவள். "என்ன பிரச்சினை?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பேன். ஒரு பெண் தயங்கி, "காய்ச்சல்" என்றாள். காய்ச்சல் சீட்டில் அவள் முறை கடைசியில் வந்தது. ரத்தப்போக்கு என்று அப்புறம்தான் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தது நான்தான். மறுநாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டேன், தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னேன்.

*

முழங்கால் இன்னும் வலிக்கிறதா என்று கேட்டவர்களுக்கு: ஆமாம், வலிக்கிறது. அதற்குத் தனியாக அடுத்த வாரம் டோக்கன் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை போனை அணைத்துவிட்டு, பத்து நிமிடம் முன்னாடியே போய் உட்காரப் போகிறேன்.