அங்கே எழுதிய டேப் இங்கே படிக்கவில்லை: என் அனுபவம்

பேக்கப் டேப்பை இன்னொரு சிஸ்டத்துக்குக் கொடுத்து வாங்கிய கதைகளை எல்லோரும் சொல்லும்போது என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது ஒரு டேப் பிழைத்தாலும் சந்தோஷம்.

பழைய யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் ஒன்றில் எழுதிய கால் அங்குல கார்ட்ரிட்ஜ் என் கைக்கு வந்தது. லினக்ஸில் போட்டு டார் (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டவும் பிரிக்கவும் உதவும் கட்டளை) கொடுத்தால், இது டார் ஃபைல் போலவே இல்லை என்று பதில் வந்தது. டேப் செத்துவிட்டது, தூக்கிப் போடலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. டிரைவ் பிழை எதுவும் காட்டாமல் ஓடுகிறது, அப்படியென்றால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும்? முதல் சில பிளாக்குகளை (டேப்பில் ஒரே தடவையில் எழுதப்படும் தொகுதிகளை) மட்டும் டிடி (உள்ளதை உள்ளபடி நகலெடுக்கும் கட்டளை) வைத்து ஃபைலாக எடுத்து, பைட் பைட்டாகப் பார்த்தேன். முதல் ஃபைலின் பெயர் ஆர், ஈ, ஏ, டி, எம், ஈ என்று வரவேண்டிய இடத்தில் ஈ, ஆர், டி, ஏ, ஈ, எம் என்று கிடந்தது. இரண்டிரண்டு பைட்டாக இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்! டிடியில் ஸ்வாப் (swab) என்ற மாற்றத்தைச் சேர்த்து, வருவதை நேராக டாருக்கு அனுப்பினேன், ஒரு ஃபைல் விடாமல் வந்துவிட்டது. அன்று தூக்கிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

அப்புறம் ஒரு 4 மில்லிமீட்டர் டாட் டேப். இதில் தொல்லை பிளாக் அளவு. டார் வழக்கமாக 512 பைட் கொண்ட 20 துண்டுகளைச் சேர்த்து 10,240 பைட்டாக எழுதும், படிக்கும்போதும் அதையே எதிர்பார்க்கும். எழுதியவர் அதைவிடப் பெரிய பிளாக்கில் எழுதியிருந்தால் லினக்ஸ் ‘மெமரி ஒதுக்க முடியவில்லை’ என்கிறது, நாம் போய் ரேமைச் சந்தேகப்படுகிறோம். நான் அரை நாள் அதில்தான் தொலைத்தேன். செய்யவேண்டியது சின்ன வேலை: டிரைவை மாறும் பிளாக் முறைக்கு (எந்த அளவு பிளாக்கையும் ஏற்கும் முறைக்கு) மாற்றிவிட்டு, டிடியில் 256 கேபி என்று பெரிதாகக் கொடுத்து ஒரே ஒரு பிளாக்கைப் படியுங்கள், வந்த ஃபைல் எவ்வளவோ அதுதான் டேப்பின் பிளாக் அளவு. எனக்கு 65,536 வந்தது. அதை 512-ஆல் வகுத்து, டாருக்கு 128 என்று சொன்னதும் ஓடியது.

எல்டிஓ என்ற பிந்தைய டேப் வகை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், ஆனால் தலைமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்டிஓ-7 வரை டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னால் உள்ள டேப்பையும் படிக்கும், எல்டிஓ-8 ஒன்றே ஒன்று பின்னால்தான் போகும். எல்டிஓ-6 டேப்பை அதில் போட்டுக் காத்திருந்து பலன் இல்லை.

டிஸ்க்கில் எனக்குப் பயம் வேறு. லினக்ஸில் எழுதிய டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் ‘ஃபார்மேட் செய்யவேண்டும், செய்யவா’ என்று கேட்கும். டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது, அதன் ஃபைல் சிஸ்டம் விண்டோஸுக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். நான் கொடுத்தனுப்பிய டிஸ்க்கில் ஒருவர் ‘ஆம்’ அழுத்திவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, நான்தான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். சரி, பொதுவாக இருக்கட்டும் என்று எல்லா சிஸ்டத்துக்கும் புரியும் ஃபேட்32 ஃபைல் சிஸ்டம் போட்டால் 4 ஜிபியைத் தொடும் ஃபைல் ஏறாது. இப்போதெல்லாம் அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்தான், அதிலும் அனுமதிகளும் (யார் படிக்கலாம், எழுதலாம் என்ற குறிப்புகள்) சிம்லிங்க்குகளும் (வேறு ஃபைலைச் சுட்டும் இணைப்புகள்) காணாமல் போகாமலிருக்க எல்லாவற்றையும் டாராகக் கட்டித்தான் வைக்கிறேன்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான ஹெச்எஃப்எஸ் பிளஸ் ‘தொகுப்பு’ என்ற பெயரில் உள்ள ‘தொ’வை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று பிரித்துச் சேமிக்கும். லினக்ஸில் நாம் தட்டும்போது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்த ஒரே குறியாக விழும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து முழித்திருக்கிறேன். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில், பெயரின் குறிமுறையை மாற்றும் ஐகான்வ் என்ற தெரிவு இதற்கென்றே இருக்கிறது.

இப்போது நான் அனுப்பும் ஒவ்வொரு டேப்பிலும் லேபிள் ஒட்டுகிறேன்: எந்த மெஷின், எந்தக் கட்டளை, பிளாக் அளவு, கம்ப்ரஷன் உண்டா இல்லையா. கூடவே ஃபைல் பட்டியலை அச்செடுத்து உறைக்குள் மடித்து வைக்கிறேன்.