ஒரு கொடியா, இரண்டு கொடியா?

கரூரில் என் தாய்மாமா வீட்டுப் பீரோவில் ஒரு பழைய பற்பொடி டப்பா. உள்ளே சட்டைப் பட்டன் அளவில் ஏழெட்டுச் செப்புக் காசுகள். "அமராவதியில மணல் சலிக்கிறவங்ககிட்ட அந்தக் காலத்துல வாங்கினது மாப்ள. ரோமாபுரிக் காசுன்னாங்க. எந்த ராஜான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்" என்றார்.

முதல் காசைப் புளி போட்டுத் தேய்த்தேன். செம்பு பளபளவென்று வந்தது, எழுத்து போய்விட்டது. இவ்வளவு பழைய காசில் உருவமும் எழுத்தும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்த்தால் மனசு வலிக்கிறது. தயவுசெய்து யாரும் புளி, எலுமிச்சை, ஆசிட் பக்கம் போகாதீர்கள்.

இரண்டாவதைப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு வாரம் ஊறவைத்து, மண்ணை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் எடுத்தேன். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தபோது நிழல் விழுந்து படம் எழும்பியது. ஈட்டியோடு எதிரெதிரே இரண்டு வீரர்கள். நடுவில் ஒரு கம்பம், அதன் தலையில் சதுரமாகப் படைக்கொடி.

அந்தக் கொடியை எண்ணுவதுதான் முக்கியம். 'குளோரியா எக்ஸெர்சிடஸ்', அதாவது படையின் புகழ் என்று பொறித்த இந்தக் காசு கி.பி. 330-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்தில் வந்தது. அப்போது இரண்டு கொடிகள். 335 வாக்கில் காசின் எடையைக் குறைத்தார்கள், கொடியும் ஒன்றானது. நகைக்கடைத் தராசில் என் காசு 1.4 கிராம். சரியாகப் பொருந்தியது.

ஆனால் 337-இல் கான்ஸ்டன்டைன் இறந்த பிறகு அவருடைய மகன்கள் மூவருமே இதே காசை அடித்தார்கள். யார் என்று சொல்ல எழுத்து வேண்டும். தலைப் பக்கத்தில் 'டி, ஐ, வி, எஸ்' மட்டும் தெளிவாக மிஞ்சியிருந்தது. கான்ஸ்டன்டைன் (லத்தீனில் CONSTANTINVS) என்றால் ஐ-க்கும் வி-க்கும் நடுவே ஒரு 'என்' இருக்க வேண்டும். பத்துத் தடவையாவது லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அங்கே 'என்' இல்லை. ஆக, இது அந்த மகன்களில் ஒருவரான இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் (CONSTANTIVS). தலையில் இலைமாலை இல்லாமல் முத்துப் பட்டம் இருப்பதால், இளவரசராக இருந்தபோது அடித்ததல்ல, பேரரசரான பிறகு அடித்தது.

அவர் பங்குக்கு வந்தது கிழக்குப் பகுதி. காசு அடிக்கும் நகரங்களான அந்தியோக்கியாவும் அலெக்சாந்திரியாவும் அவர் கையில். வீரர்களின் காலுக்குக் கீழே 'எஸ்எம்ஏஎன்' இருந்தால் அந்தியோக்கியா, 'எஸ்எம்ஏஎல்' இருந்தால் அலெக்சாந்திரியா. என் காசில் 'எஸ்எம்ஏ' வரைக்கும் படிக்க முடிகிறது. நான்காவது எழுத்து இருக்கும் இடத்தில் ஓரம் உடைந்திருக்கிறது.

மாமாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த டப்பாவுல மீதி ஆறு இருக்கு, எப்ப வர்றே?" என்றார்.