ரேஞ்ச் ஒஃபிசர் மறிச்ச நேரங்கள்: கொழும்பு கிளப்புகளில கண்டதை எழுதுங்கோ

லேன்_நாலு:

எயார் பிஸ்டலுக்குக் கொடி போடுறதை, அதாவது துவக்கு வெறுமை எண்டு காட்டப் பரலுக்குள்ள (குழலுக்குள்ள) செம்மஞ்சள் நூல் விடுறதை, இங்க ஒருத்தருக்கும் விளக்கத் தேவையில்லை. நான் எழுத வந்தது முழு நீளத்துக்கும் போகாத அரைக் கொடியைப் பற்றி. 10 மீற்றர், கடைசி ரிலே (சுடுற சுற்று). ‘ஸ்டொப், அன்லோட்’ சொல்லியாச்சு. ஒரு பெடியன் பிஸ்டலை மேசையில வச்சான். லோடிங் போர்ட்டில (ஈயப் பெலட் போடுற வாயில) செம்மஞ்சள் வால் வடிவாத் தெரியுது. பெட்டியைத் திறக்கப் போன நேரம், சுடுறவையைக் கவனிச்சுக் கட்டளை குடுக்கிற ரேஞ்ச் ஒஃபிசர் கையைக் காட்டி மறிச்சார். பக்கத்தில நிண்டு குனிஞ்சு பரல் வாயைப் பார்த்தார். அங்க கொடியின்ர முனை வெளியில வரேல்லை.

கட்டைக் கொடியை உருவி எடுத்துப்போட்டு, தன்ர பையில இருந்த நீளக் கொடியைப் போர்ட் பக்கத்தால விட்டார். ஒரு விரல் நீளம் போச்சு, முட்டி நிண்டுது. பிறகு கிளீனிங் ரொட் போட்டுத் தள்ளினார். பின்பக்கம் நசிஞ்ச பெலட் ஒண்டு மேசையில விழுந்து உருண்டுது. பெடியனுக்கு முகம் வெளுத்துப் போச்சு. ஒஃபிசர் குரலை உயர்த்தவே இல்லை. கொடியைப் பரல் நீளத்துக்குப் பிடிச்சுக் காட்டினார், அவ்வளவுதான்.

பேப்பர்க் கட்டைக் கொடி, பிளாஸ்ரிக் சொருகு எல்லாம் .22 துவக்குக்குச் சரி, ஏனெண்டா அங்க சேம்பர் (ரவை கிடக்கிற அறை) வெறுமையா எண்டு கண்ணால பார்க்கலாம். எயார் துவக்கில பெலட் பரலுக்குள்ள இறங்கினா வெளியில இருந்து தெரியாது. இழுத்து எடுக்கிற பொறியும் இல்லை. அதாலதான் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச சூட்டு விளையாட்டுச் சம்மேளனம்) விதி எயார் துவக்குக்கு மட்டும் பரல் முழு நீளத்துக்கும் ஓடுற கொடி கேக்குது. ரெண்டு முனையும் தெரியவேணும். புல் வெட்டுற மெஷினுக்குப் போடுற செம்மஞ்சள் நைலோன் நூல் போதும். துளை 4.5 மில்லிமீற்றர், நூல் ரெண்டரை மில்லிமீற்றர் அளவில எடுத்தா இறுகாது. முனையைச் சாய்வா வெட்டாதேங்கோ. நேரா வெட்டி, அரத்தாளால ஒருக்கா தேய்ச்சுவிடுங்கோ.

கொட்டாஞ்சேனை_22:

லேன்_நாலு சொன்னதில ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கேல்லை. ஒருத்தன்ர துவக்கை ஒஃபிசர் ஏன் தொடவேணும்? கொடியைப் போடு எண்டு சொல்லலாம். போடாட்டி லேனை (சுடுற இடத்தை) விட்டு எழுப்பலாம். ட்ரிகர் செட்டிங், கிரிப், சைட் எல்லாம் ஆளுக்கு ஆள் அளந்து வச்சது. வேற ஆள் கை பட்டா சைட்டின்ர கிளிக் மாறும். அதுவும் எயார் பிஸ்டலுக்கு இவ்வளவு பதற்றம் வேணுமா?

பம்பலப்பிட்டி அக்கா:

@கொட்டாஞ்சேனை_22, விதியில இதுக்குப் பதில் இருக்கு தம்பி. ஒஃபிசரோ ஜூரியோ (போட்டி நடுவர் குழுவோ) அனுமதி கேக்காமலே துவக்கை எடுக்கலாம். ஆனா சுடுறவர் அங்க நிக்கவேணும், எடுக்கிறது அவருக்குத் தெரியவேணும். பாதுகாப்புக் கேள்வி வந்தா உடனே நடவடிக்கை எடுக்கவேணும் எண்டும் சேர்த்து எழுதியிருக்கு. அவர் அந்தப் பெடியன் பார்த்துக்கொண்டிருக்கேக்கதான் எடுத்திருக்கிறார். ஆள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் எடுத்திருந்தா நானும் உங்கட பக்கம்.

‘எயார்தானே’ எண்டு சொல்லாதேங்கோ. அரைக் கிராம் ஈயம் செக்கனுக்கு 150 மீற்றருக்கு மேல போகுது. கண்ணில பட்டா கண் போச்சு. எங்கட நாட்டுத் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில சுட்டதும் இதே 10 மீற்றர் எயார் ரைஃபிள்தான். அந்த மட்டத்திலயும் கொடி இல்லாமல் பெட்டியில இருந்து துவக்கு வெளியில வராது.

என்ர மனசில நிக்கிறது 25 மீற்றர் ரேஞ்ச். பேப்பர் இலக்கு, மின்னணு இல்லை. சீரிஸ் (ஒரு தொகுதி வெடி) முடிய எல்லாரும் முன்னுக்குப் போய் ஓட்டை ஒட்டவேணும். எல்லாத் துவக்கும் வெறுமை, மேசையில, ஸ்லைட் (பின்னுக்கு இழுபடுற மேல் பகுதி) திறந்து, கொடி போட்டு, வாய் இலக்குப் பக்கம். ஆக்கள் முன்னுக்கு நிக்கினம். பின்னால நிண்ட ஒருத்தர், நல்ல அனுபவசாலி, மேசையில கிடந்த தன்ர பிஸ்டலின்ர பின் சைட்டைத் திருப்ப ஸ்குரூட்ரைவரோட குனிஞ்சார். தூக்கவே இல்லை, விரல் மட்டும் பட்டுது. விசில் ஊதின சத்தம் இப்பவும் காதில நிக்குது. ஒஃபிசர் முன்னுக்கு நிண்டவர்களைச் சுவர் ஓரமா நகர்த்தினார். பிறகு இவரைக் கோட்டுக்கு மூண்டு அடி பின்னால நிப்பாட்டினார். வெறுமை எண்டு இவருக்குத் தெரியும், உண்மை. ஆனா 25 மீற்றர் முன்னால முதுகைக் காட்டிக்கொண்டு பேஸ்ட் பூசுற பிள்ளைக்கு அது எப்பிடித் தெரியும்? முன்னுக்கு ஆள் நிக்கேக்க துவக்கிலயும் ரவையிலயும் மகசீனிலயும் கை வைக்கக்கூடாது. ஸ்கோப்பால இலக்கைப் பார்க்கலாம், அதுவும் துவக்கு இருக்கிற மேசையை விட்டுத் தள்ளி நிண்டு.

நாராஹேன்பிட்ட நாசர்:

எங்கட பிரச்சினை வேற. கட்டளை எந்தப் பாஷையில? அநேகமான ரேஞ்ச் ஒஃபிசர்மார் படையில இருந்து ஓய்வு பெற்றவங்க. ‘லோட்’, ‘ஸ்டார்ட்’ இங்கிலீஷ்ல வரும், ஆனா அவசரம் எண்டா வாயில சிங்களத்தில ‘நவத்தன்ன’ (நிப்பாட்டுங்க) தான் வரும். புதுசா வந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, காதில சத்தம் மறைக்கிற மஃப் வேற, அது தனக்குச் சொன்னது எண்டு விளங்காம அடுத்த சன்னத்தைப் போட்டுட்டா. பக்கத்து லேன்ல பயிற்சியாளர் ஒருத்தர் கையைக் கோட்டுக்கு முன்னால நீட்டி, ஏதோ விழுந்ததை எடுத்துக்கொண்டு இருந்தார். ஒஃபிசர் ஓடிவந்து அவட கண்ணுக்கு முன்னால உள்ளங்கையை விரிச்சுக் காட்டினார். அப்பதான் நிப்பாட்டினா. அந்தக் கையை மட்டும் நான் மறக்கல்ல.

மூணு மொழியிலயும் கட்டளை சொல்லவேணும். இது கொழும்பு, மூணு மொழியும் கேக்கிற ஊர்.

லேன்_நாலு:

@நாசர் நானா, நீங்க சொல்ற கவலை சரி, தீர்வு பிழை. கட்டளை ஒரே சொல்லா இருக்கவேணும். மூண்டு மொழியிலயும் நிப்பாட்டச் சொல்லி முடியிறதுக்குள்ள சன்னம் போய்ச் சேர்ந்திடும். ‘ஸ்டொப்’ எண்ட ஒரு சொல், அதோட நீட்டின விசில், அதோட விளக்கு இருந்தா சிவப்பு விளக்கு. மூண்டு மொழியும் வேண்டிய இடம் சுட முந்தின விளக்கம். அங்க அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளை என்ன செய்யவேணும் எண்டு செய்து காட்ட வைக்கவேணும். ‘ஸ்டொப்’ எண்டா விரல் ட்ரிகரை விட்டு வெளியில. துவக்கு மேசையில, வாய் இலக்குப் பக்கம். கை ரெண்டும் எடுக்கவேணும். உள்ள பெலட் இருந்தா கையை உயர்த்தி ஒஃபிசருக்குச் சொல்லவேணும், தானா சுட்டு வெறுமையாக்கக்கூடாது. ஒஃபிசர் அனுமதிச்ச பிறகுதான் சுட்டு வெளியேற்றலாம்.

இன்னொண்டு. எங்கட வீடுகளில பெரியாக்களுக்குத் துவக்கு எண்ட சொல்லே பயம். அதால பிள்ளைகள் ரேஞ்சில விளங்காட்டியும் கேக்கமாட்டினம், தலையாட்டிப்போட்டு நிப்பினம். தலையாட்டினா விளங்கினது எண்டு எந்த ஒஃபிசரும் எடுக்கக்கூடாது.

பழைய_ரைஃபிள்:

50 மீற்றர், .22, படுத்த நிலை. ஒரு வெடி ‘புஸ்’ எண்டு மெலிஞ்சு கேட்டுது. உதைப்பே இல்லை. இலக்கில ஓட்டை இல்லை. சுட்டவர் மிஸ் எண்டு நினைச்சு போல்ட்டை இழுத்தார், கோது விழுந்துது, அடுத்த ரவை உள்ள போச்சு. ஒஃபிசர் மூண்டு லேன் தள்ளி நிண்டவர், அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டு ‘ஸ்டொப்’ எண்டு கத்தினார். போல்ட்டைக் கழட்டி, பின்னால இருந்து பரலுக்குள்ளால பார்த்தா வெளிச்சம் வரேல்லை. பாதி வழியில ஈயம் இறுகிக் கிடந்தது. அடுத்தது போயிருந்தா பரல் உப்பியிருக்கும், இல்லாட்டி வெடிச்சிருக்கும்.

சத்தம் மெலிஞ்சா சுடுறதை விடுங்கோ. வெடிக்கவே இல்லையெண்டா அது வேற கதை. வாயை இலக்குப் பக்கமே வச்சு ஆகக் குறைஞ்சது 30 செக்கன் பொறுங்கோ. பிறகு முகத்தை விலக்கிப் போல்ட்டைத் திறவுங்கோ. வெடிக்காத ரவையைக் கோது போடுற வாளியில போடாதேங்கோ, ஒஃபிசரிட்டக் குடுங்கோ.

மெக்கானிக்_தெஹிவளை:

எல்லாரும் பாதுகாப்பைப் பற்றி எழுதுறீங்கள். எனக்கு நிக்கிறது ட்ரிகர் நிறை பார்க்கிற மேசை, அதாவது ட்ரிகரில நிறையைத் தொங்கப்போட்டுத் தாங்குதோ எண்டு பார்க்கிற இடம். போட்டி முடிஞ்ச உடன எழுந்தமானமா ஒரு பிள்ளையைக் கூப்பிட்டினம். 500 கிராம் நிறை தூக்கி நிக்கேல்லை, விழுந்திட்டுது. மூண்டு முறையும் அப்பிடித்தான். சிவப்புக் காட், முழு ஸ்கோரும் போச்சு. பிள்ளை அழுதது.

அதால சில விஷயம். எயார் பிஸ்டலுக்குக் குறைஞ்சது 500 கிராம், 25 மீற்றர் பிஸ்டலுக்கு 1000 கிராம். பரல் செங்குத்தா நிக்கவேணும், காற்று அமுக்கமும் ஏத்தியிருக்கவேணும். வெறும் ட்ரை ஃபயர் (பெலட் இல்லாமல் ட்ரிகர் மட்டும் இழுக்கிற) நிலையில பார்த்தா வேற அளவு காட்டும், வீட்டில பார்க்கிறவை இதிலதான் பிழைக்கினம். நிறை தொங்குற இடமும் முக்கியம். ட்ரிகரின்ர கீழ் நுனியில தொங்கினா நெம்பு கூடி முந்தியே விடும், மேல தொங்கினா பாரம் கூடக் காட்டும். விரல் படுற நடுவில தொங்கப்போடுங்கோ. உருளை பூட்டின நிறை விதியில இல்லை, கத்தி விளிம்பு உள்ள நிறைதான். சரியா 500 இல நிப்பாட்டாதேங்கோ, 515 அளவில வையுங்கோ. ட்ரிகர் திருகைக் கால் சுத்துக்கு மேல ஒரே தரத்தில திருப்பாதேங்கோ. கடற்கரை வீடுகளில உப்புக் காத்து ட்ரிகர் முனைகளில படியும். எண்ணெய் ஊத்தினா தூசி ஒட்டி இன்னும் மோசமாகும், உலர்ந்த பிரஷ் போதும்.

துவக்கின்ர காற்றுச் சிலிண்டரும் பாருங்கோ. அதில அடிச்சிருக்கிற, செய்த திகதியில இருந்து 10 வருஷம்தான். அதைப் பார்க்கவேண்டியது சுடுறவர், ஒஃபிசர் இல்லை. நிரப்புறது 200 பார். டைவிங் சிலிண்டரில இருந்து நிரப்பினா வால்வை மெல்லத் திறவுங்கோ. வேகமா விட்டா சூடேறி மனோமீற்றர் (அமுக்கம் காட்டுற மானி) 200 காட்டும், ஆறினதும் 180 க்கு இறங்கும், பிறகு சிலிண்டர் பழுது எண்டு சண்டை பிடிப்பினம். கழட்ட முதல் இடையில நிக்கிற காற்றை ப்ளீட் திருகால விடுங்கோ. ஒக்சிசன் சிலிண்டரை எந்தக் காரணத்துக்கும் கிட்டக் கொண்டுவராதேங்கோ, எண்ணெய்ப் பசை பட்டா வெடிக்கும். கைப் பம்ப் பாவிக்கிறவை அடிக்கடி தண்ணியை வெளியேத்தவேணும், கொழும்பு ஈரப்பதத்தில பம்புக்குள்ள தண்ணி சேரும். வெயிலில நிப்பாட்டின காருக்குள்ள நிரப்பின சிலிண்டரை விட்டிட்டுப் போகாதேங்கோ.

கொட்டாஞ்சேனை_22:

மெக்கானிக் அண்ணை, நல்ல விஷயம்தான், ஆனா இங்க கேட்டது ஒஃபிசர்மாரைப் பற்றி. அந்தப் பிள்ளைக்குப் போட்டிக்கு முன்னால நிறை பார்க்க இடம் குடுத்தவையா இல்லையா? அதை எழுதுங்கோ. குடுக்காமல் பிறகு சிவப்புக் காட் காட்டினா அது நியாயமில்லை.

மெக்கானிக்_தெஹிவளை:

குடுத்தவை. சோதனை நிறை ரேஞ்ச் வாசலிலயே இருந்தது. முந்தி ஒருக்கா பார்த்து ஸ்டிக்கரும் ஒட்டினவை. பிறகு ஆரோ திருகைத் தொட்டிருக்கினம், இல்லாட்டித் தானா இளகியிருக்கு. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் பொறுப்பு சுடுறவரிலதான். ஒஃபிசரில பிழையில்லை.

பம்பலப்பிட்டி அக்கா:

கோது பறக்கிறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. 25 மீற்றரில வலப்பக்கமாக் கோது எறியிற பிஸ்டல், இடையில மறைப்புத் தட்டி இல்லாத ரேஞ்ச். பக்கத்து லேன் பிள்ளை கழுத்து அகலமான பிளவுஸோட நிண்டவ. சூடான .22 கோது கழுத்தால உள்ள போச்சு. பிள்ளை துள்ளினா, பிஸ்டல் வாய் பக்கத்து ஆக்கள் பக்கம் திரும்பத் தொடங்கிச்சு. ஒஃபிசர் ஒரு கையால மணிக்கட்டைப் பிடிச்சு இலக்குப் பக்கம் திருப்பிவச்சார், மற்றக் கையால விரலை ட்ரிகரில இருந்து எடுத்துவிட்டார். கத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. பிறகு மகசீனைக் கழட்டச் சொன்னார், அடுத்ததா ஸ்லைட்டை இழுத்து சேம்பரைப் பார்க்கச் சொன்னார். இந்த ஒழுங்கு மாறக்கூடாது. முதல் ஸ்லைட்டை இழுத்தா உள்ள இருந்தது வெளியில வரும், ஆனா மகசீனில இருந்து அடுத்தது ஏறிவிடும், வெறுமை எண்டு நினைச்சுக் கீழ வைப்பீங்கள்.

கழுத்து மூடின சட்டை, முன்னுக்கு விளிம்புள்ள தொப்பி, மூடின சப்பாத்து. செருப்போட 25 மீற்றருக்கு வாறவையை வாசலிலயே திருப்பி அனுப்புற ஒஃபிசரோட வாதாடாதேங்கோ. கண்ணாடி போடாதவையையும் அப்பிடித்தான். முடிஞ்சதும் சோப் போட்டுக் கை கழுவி, அதுக்குப் பிறகுதான் சோத்துப் பார்சலைப் பிரிக்கவேணும். ஈயத்தூள் விரலில இருக்கும். தட்டி இல்லாத ரேஞ்சில இடக்கைக்காரரை இடது கோடி லேனுக்கு அனுப்பாமல், அவரின்ர துவக்கு எந்தப் பக்கம் கோது எறியுது எண்டு முதல் பார்த்து, அந்தப் பக்கம் ஆள் இல்லாத லேனைக் குடுக்கச் சொல்லி ஒஃபிசரிட்டக் கேளுங்கோ.