இளம் சாதனையாளர் விருது பிள்ளைக்கா, கோப்புக்கா?

பள்ளத்தூர் ஓய்வாசிரியர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஓர் இளம் சாதனையாளர் விருதின் தேர்வுக் குழுவில் இந்த முறை என்னையும் சேர்த்திருந்தார்கள். ஒரு பெரிய வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்து, இருபத்து மூன்று விண்ணப்பங்களை மூன்று பேர் ஒரே மாலையில் பார்த்து முடித்தோம்.

அவற்றில் ஒரு கோப்பு நான்கு விரற்கடை தடிமன் இருந்தது. எட்டு வயதுக் குழந்தைக்கு நாற்பத்தொரு சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். எண்ணிப் பார்த்தேன், இருபத்தொன்பது சான்றிதழ்கள், பதிவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு 'உலக சாதனை' என்று அச்சடித்துத் தரும் தனியார் அமைப்புகள் கொடுத்தவை. திருக்குறளின் 133 அதிகாரப் பெயர்களை எத்தனை நொடியில் சொன்னது என்பது ஒன்று, அதையே கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்னது இன்னொன்று. (கண்ணைக் கட்டினால் சொல்வதில் என்ன சிரமம் கூடுகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.) குழந்தை சூட்டிகையானதுதான், அதைக் குறை சொல்லவில்லை.

மற்றொரு விண்ணப்பம் நோட்டுத் தாளில் ஒன்றரைப் பக்கம், தரையில் பதிக்கும் வண்ணப் பூக்கற்களான ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயது இளைஞருக்காக அவருடைய தாய்மாமா எழுதியது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சாந்தை ஊற்றி, ஒரு வண்ணம் மற்றொன்றில் கலந்துவிடாமல் அச்சைத் தூக்கும் வேலையை அவர் பழைய ஆட்களைவிடச் சுத்தமாகச் செய்கிறார் என்றும், அச்சு கிடைக்காத பழைய வீட்டுக் கோலங்களைக் கையாலேயே ஊற்றிக் காட்டுகிறார் என்றும் அதில் இருந்தது. எங்கள் மதிப்பெண் தாளிலோ சான்றிதழ்களுக்கு 40, பத்திரிகைச் செய்திகளுக்கு 20 என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த அறுபதில் அவருக்குக் கிடைத்தது சுழியம். விருது தடித்த கோப்புக்குப் போயிற்று. நானும்தான் கையெழுத்துப் போட்டேன்.

இளைஞர்களுக்கான விருதுகள் உண்மையில் தகுதியைத்தான் பார்க்கின்றனவா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை வாசகி:

ஐயா, நீங்கள் பார்த்ததைப் போன்ற ஒரு கோப்பைத் தயாரித்தவள் நான், ஆகையால் மறைக்காமல் எழுதுகிறேன். என் மகள் யோகாசனப் போட்டி ஒன்றில் பரிசு வாங்கிய செய்தி வந்த மறுவாரமே, உங்கள் மகள் விருதுக்குத் தேர்வாகியிருக்கிறாள் என்று சென்னையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. மகிழ்ச்சி அடங்குவதற்குள், கேடயம், சால்வை, இருவருக்கான சாப்பாடு, புகைப்படம் என்று தனித்தனியாகப் பணம் கேட்டார்கள், கட்டினோம். மண்டபத்திற்குப் போனால் எங்களைப் போலவே நூறு குடும்பங்களுக்கு மேல் வரிசையில் நின்றுகொண்டிருந்தன. மேடையில் மகளின் பெயரைத் தவறாக வாசித்தார்கள், கேடயத்தில் யோகா என்பதற்குப் பதிலாகப் பரதம் என்று அடித்திருந்தது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில், இதை எனக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று அவள் கேட்டாள். பணம் கட்டியதற்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் பெற்றோரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கோப்பு தடித்துக்கொண்டே போகும்போது, நம் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லையோ என்ற பயம் வந்துவிடுகிறது.

காரைக்குடி சாரணர் ஆசிரியர்:

ஐயா கேட்ட கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. இருப்பவர்களில் முதல்வர் யார் என்று தேடும் விருது வேறு; ஒரு தரத்தை எட்டினாயா என்று சோதிக்கும் விருது வேறு. சாரணர் இயக்கத்தில் ராஜ்ய புரஸ்கார் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. சோபான் எனப்படும் பயிற்சி நிலைகளைப் படிப்படியாக முடித்து, முகாமில் முடிச்சுப் போட்டு, முதலுதவி செய்து, சமைத்துக் காட்டித் தேறியவர்கள் பத்துப் பேரானால் பத்துப் பேருக்கும் உண்டு. பிரிட்டனில் 1956இல் இளைஞர்களுக்காகத் தொடங்கிய எடின்பரோ கோமகன் விருதும் அப்படித்தான். அதில் யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை. இவ்வகை விருதுகளில் பிழை நேரவே நேராது என்று சொல்ல மாட்டேன், ஏனெனில் சோதிப்பவர் தளர்ந்தால் தரமும் தளரும். ஆனால் கோப்பின் தடிமனுக்கு அங்கே வேலை குறைவு.

சதுரங்கத்தைப் போல அளவுகோல் உள்ளேயே இருக்கும் துறைகளிலும் சிக்கல் குறைவு. குகேஷ் 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனதை எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யவில்லை. தகுதியைப் பலகை சொன்னது, விருது பின்னால் வந்தது. கலை, கைத்தொழில், சமூகப் பணி ஆகியவற்றில் அப்படிப்பட்ட பலகை கிடையாது. அங்கேதான் காகிதம் உள்ளே நுழைகிறது. பள்ளித் தேர்வில் எண்ணே இருந்தும், மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017இல் கைவிட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ஒருவரைச் சுவரொட்டியில் ஏற்றி மற்றவரை மறப்பது தகுதிக்கு மரியாதை ஆகாது என்பதே என் கருத்தும்.

அரசு விருதுகளுக்கும் விண்ணப்பம் உண்டு. முதலமைச்சரின் மாநில இளைஞர் விருதுக்கு 15 முதல் 35 வயது வரம்பு. பிரதமரின் ராஷ்ட்ரிய பால புரஸ்காருக்கு 5 முதல் 18. இதற்குப் பிறரும் ஒரு குழந்தையைப் பரிந்துரைக்கலாம். அந்த வாசலைப் பள்ளிகள் எத்தனை முறை பயன்படுத்தியிருக்கின்றன என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

பெயர் வேண்டாம்:

நன்கொடைப் பட்டியலையும் விருதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள், ஐயா. இனிஷியல்கள் ஒத்துப்போகும்.

குன்றக்குடிப் பக்கத்துத் தவில்காரன்:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்வதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 19 முதல் 35 வயது வரையுள்ள கலைஞர்களுக்கு மாவட்ட அளவில் தரப்படும் கலை வளர்மணி விருது எனக்குக் கிடைத்தது. அதனால் என் வாசிப்பு ஒரு மாத்திரை அளவுகூட உயரவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பு, கல்யாண வீடுகளில் கூலியைப் பேசும்போது நின்றுகொண்டிருப்பேன். பின்பு உட்காரச் சொன்னார்கள். வேறு வேலைக்குப் போய்விடு என்று சொல்லிக்கொண்டிருந்த என் தகப்பனார் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினார். இளம் வயதில் கிடைக்கும் விருதுக்கு இப்படி ஒரு பயன் உண்டு, அறுபது வயதில் கிடைத்தால் அது மரியாதை மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே குருவிடம் கற்றவர் ஒருவர் இருக்கிறார். ஏழேழாக எண்ணும் மிஸ்ர நடையில் அவர் கோர்வை என்ற முடிப்பை வைத்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்பேன். அவர் விண்ணப்பிக்கவில்லை, கடைசித் தேதி போன பிறகுதான் அவருக்கு அறிவிப்பே தெரிந்தது. அதைத் தெரிந்தும் அவரிடம் சொல்லாமல் இருந்தவன் நான்தான்.

பள்ளத்தூர் ஓய்வாசிரியர்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. தவில்காரத் தம்பியின் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். விண்ணப்பத்தை நம்பியே ஒரு விருது நடக்குமானால், செய்தி எட்டியவர்களுக்குள்தான் அது தகுதியைத் தேடுகிறது. மாலையில் ஒரு தாளைச் சரிபார்த்துவிட்டு இதை நான் தேர்வு என்று நினைத்தது தவறு.

சான்றிதழ்களுக்கான 40 மதிப்பெண்ணை எடுத்துவிட்டு, வேலையை நேரில் போய்ப் பார்ப்பதற்கு அதைக் கொடுக்கலாம் என்று செயலாளரிடம் சொன்னேன். இருபதுக்கு ஒப்புக்கொண்டார், மீதி இருபதுக்குப் பொதுக்குழு கூட வேண்டுமாம்.

சென்ற சனிக்கிழமை ஆத்தங்குடிப் பட்டறைக்குப் போனேன். மாமா விண்ணப்பித்த செய்தியே அந்த இளைஞருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் விருதைப் பற்றி விளக்கத் தொடங்கியபோது, அச்சைத் தூக்குவதற்காகக் குனிந்திருந்தவர் நிமிராமலே, கண்ணாடியில் உங்கள் நிழல் விழுகிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் ஐயா என்றார். தள்ளி நின்றேன்.