மறுமொழி: செராமிக் கோட்டிங் – பீங்கான் பூச்சா, இறுகுபூச்சா?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். கார்ப்ரோ என்ற வண்டிப் பராமரிப்பு நிறுவனத்தின் பொருள்வரிசையைத் தமிழில் மதிப்பிட்டு எழுதவிருக்கும் தம்பி முதலில் கேட்டது ஒரே ஒரு சொல்தான், கார்ப் பெயின்ட்டைக் காக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங்குக்குத் தமிழ். இதுவரை வந்தவை பீங்கான் பூச்சு, பீங்கான் கவசம், கண்ணாடிப் பூச்சு, தாமரைப் பூச்சு. நான்கிலும் உழைப்பு தெரிகிறது. ஆனால் நான்குமே அந்தப் புட்டியில் இருக்கும் பொருளால் முடியாத ஒன்றை வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிடுகின்றன. வண்டிக்காரர் இந்தச் சொல்லை நம்பி ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கப்போகிறார். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> செராமிக் என்றால் பீங்கான், கோட்டிங் என்றால் பூச்சு. பீங்கான் பூச்சு என்று முடித்துவிடலாமே?

ஐயா, புட்டிக்குள் இருப்பது சிலேன், சிலாக்சேன், பாலிசிலசேன் போன்ற சிலிக்கான் சேர்மங்கள், ஒரு கரைப்பானோடு. சுத்தமான வண்டி மேல் சில துளிகளைத் துணி சுற்றிய கட்டையால் தேய்த்தால் கரைப்பான் ஆவியாகிவிடும். மிச்சம் இருப்பது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, சிலிக்காவை ஒத்த வலைப்பின்னலாகி வண்டியின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்ளும். செராமிக் என்ற பெயருக்கு ஒரு நியாயம் உண்டு. பாலிசிலசேன்களை உயர்வெப்பத்தில் சுட்டால் உண்மையாகவே செராமிக் கிடைக்கும். ஆனால் கார் மேல் அந்தச் சுடுதல் நடப்பதே இல்லை. தமிழில் பீங்கான் என்று சொன்னவுடன் சூளையும் கெட்டித்தன்மையும் மனதில் வந்துவிடும். ஈழத்து நண்பர்களுக்கோ அது சோறு போட்டுச் சாப்பிடும் தட்டு. பொருளின் தன்மை இரண்டு இடத்திலும் வாசகரைச் சேராது.

கெட்டித்தன்மை பற்றிய நினைப்புதான் இதில் அதிகத் தீங்கு செய்கிறது. விளம்பரங்களில் ‘9எச்’ என்று போடுவது பென்சில் சோதனையின் அளவு. வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 பாகைச் சாய்வில் பூச்சின் மேல் அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் வரை கீறல் விழவில்லை என்று பார்ப்பார்கள். அந்த வரிசையில் மிகக் கடினமான பென்சில் 9எச். கனிமங்களுக்கு வைத்திருக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. மோஸ் அளவில் 9 என்றால் குருந்தக்கல், அதாவது மாணிக்கமும் நீலமும் சேர்ந்த இனம். இரண்டு ஒன்பதையும் ஒன்றாக்கிக்கொண்டு ‘இனி வண்டியில் கீறலே விழாது’ என்று நம்புகிறவர்கள் நிறைய. நம் சாலைப் புழுதியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்சு, மோஸ் அளவில் 7. அழுக்குத் துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், அந்த மணல் பூச்சையும் கீறும், அதற்கடியில் இருப்பதையும் கீறும். பூச்சின் தடிப்பு ஏறக்குறைய ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பல சமயம் அதற்கும் குறைவு. கம்பெனியில் பெயின்ட்டின் மேல் அடித்து வரும் நிறமற்ற தெளிபூச்சே 40, 50 மைக்ரான் இருக்கும். இவ்வளவு மெல்லியதைப் பீங்கான் என்று அழைத்துவிட்டு, ‘ஆனால் கீறும்’ என்று அடிக்குறிப்பு போடுவது வாசகருக்கு நியாயம் செய்வதாகாது.

‘கவசம்’ பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் வேண்டியது வேறொரு பொருளுக்கு. பாலியூரித்தேன் ஒட்டுறை ஒன்று இருக்கிறதே, பி.பி.எஃப். என்று கடைகளில் சொல்வது, அது 150 முதல் 200 மைக்ரான் தடிப்பு. முன் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை அது உண்மையாகவே தாங்கும். கவசம் என்ற பெயரை அதற்கு விட்டுவைப்போம். ஒரு மைக்ரான் பூச்சுக்கும் அதே பெயரை வைத்தால், நெடுஞ்சாலையில் கல்பட்டுப் பெயர்ந்த பானெட்டோடு கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார்கள். சண்டையில் வண்டிக்காரர் பக்கம் நியாயம் இருக்கும், கையெழுத்துப் போட்ட தாளில் இருக்காது.

கண்ணாடிப் பூச்சு என்ற முன்மொழிவுக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ஜப்பானியர் இந்த வகையை அப்படித்தான் அழைக்கிறார்கள். வேதியியலாகவும் பீங்கானைவிட இது பொருத்தம். தடை என்னவென்றால், காரில் கண்ணாடி என்றே ஒரு பாகம் இருக்கிறது. கார்ப்ரோவிலேயே ஃப்ளைபை என்று முன்கண்ணாடிக்குத் தனிப் பூச்சு விற்கிறார்கள். ‘கண்ணாடிப் பூச்சு வாங்கினேன்’ என்றால் எதை வாங்கினீர்கள் என்று திரும்பக் கேட்க வேண்டிவரும்.

> நீர் ஒட்டாமல் உருண்டோடுகிறது. தாமரை இலைத் தண்ணீர் என்று நம்மிடம் ஆயத்தமாக ஒரு தொடர் இருக்கும்போது தாமரைப் பூச்சு என்பதற்கு என்ன தடை?

அக்கா, சொல்லழகு பார்த்தால் உங்கள் சொல்தான் முதலிடம். கேட்டவுடன் புரிகிறது, நம் மரபிலிருந்து வருகிறது. ஆனால் தாமரை இலை செய்வது ஒன்று, இந்தப் பூச்சு செய்வது வேறொன்று. 1997-ல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் பார்த்லோட், நைன்ஹுயிஸ் இருவரும் இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாமரை இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள் இருக்கின்றன, அவற்றின் மேல் மெழுகுப் படிகங்கள். நீர்த்துளி மேட்டு முனைகளில் மட்டும் உட்கார்கிறது, அடியில் காற்று. துளியின் ஓரம் மேற்பரப்போடு நீருக்குள் சேரும் கோணம், அதாவது சேர்கோணம், தாமரை இலையில் 150 பாகையைத் தாண்டும்; கோணம் கூடக்கூடத் துளி உருண்டையாகும். அதாவது இலையின் திறமை அதன் சொரசொரப்பில் இருக்கிறது.

கார்ப் பூச்சு நேரெதிர். அதை வழவழப்பாக இருப்பதற்காகவே பூசுகிறோம், சொரசொரப்பானால் பளபளப்புப் போய்விடும். வழவழப்பான மேற்பரப்பில் எவ்வளவு நல்ல வேதிப்பொருள் பூசினாலும் சேர்கோணம் 120 பாகையை ஒட்டி நின்றுவிடுகிறது. நல்ல செராமிக் பூச்சுகள் பெரும்பாலும் 100 முதல் 115 வரை. நீரை விலக்கும் என்று சொல்ல 90-ஐத் தாண்டினால் போதும் என்பதால் அவை நீர்விலக்கிகளே, ஐயமில்லை. ஆனால் துளி இலையில் ஓடுவதுபோல் ஓடிவிடாது. நின்று, வெயிலில் காயும். போர்த் தண்ணீரில் கழுவும் ஊர்களில் காயும் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளை வளையத்தை விட்டுச்செல்லும். உப்புக்கறை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பூச்சு போட்ட வண்டியில் இந்தக் கறை வராது என்று நினைக்கிறார்கள், சில சமயம் துளி முத்தாகத் திரண்டு நிற்பதாலேயே கறை இன்னும் எடுப்பாகத் தெரியும். தாமரை என்று பெயர் வைத்தால், கழுவி முடித்ததும் வண்டியை உலர்த்தித் துடைக்க வேண்டும் என்ற எண்ணமே வாசகருக்கு வராது. தம்பியின் மதிப்பீட்டில் இது முக்கியமான இடம்.

சரி, என் முன்மொழிவு: இறுகுபூச்சு.

மெழுகிலிருந்து இதைப் பிரிப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். மெழுகு தேய்த்த இடத்தில் மெழுகாகவே இருக்கும், நம் கோடை வெயிலில் இளகும், நான்கைந்து முறை ஷாம்பு போட்டால் கரைந்து போகும். இது பூசிய பிறகு வேறு பொருளாகிறது. நீர்மம் இறுகித் திண்மமாகிறது, பிறகு துணியால் எடுக்க முடியாது, மெருகுப்பசை போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான், அது பெயரிலேயே வந்துவிடுகிறது. வேதியியல் வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சிலிக்கா இறுகுபூச்சு என்று எழுதலாம். இப்போது எங்கு பார்த்தாலும் கிராஃபீன் என்ற கார்பன் பொருள் சேர்த்த பூச்சு என்கிறார்கள். அதற்கும் கிராஃபீன் இறுகுபூச்சு என்று தடையில்லாமல் விரியும். பீங்கானை வைத்துக்கொண்டால் ‘கிராஃபீன் பீங்கான்’ என்று தடுமாறுவோம்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு, ‘சாதாரணப் பெயின்ட்டும் இறுகத்தானே செய்கிறது?’ என்பது. உண்மை, தெளிபூச்சும் வேதிவினையால் இறுகுவதுதான். ஆனால் கலைச்சொல் அதன் துறைக்குள் எதிர்ச்சொற்களோடு நின்று பொருள் தருகிறது. வண்டிப் பராமரிப்பு அலமாரியில் இதன் பக்கத்தில் இருப்பவை மெழுகும், பாலிமர் சீலண்ட் என்ற செயற்கை மெருகும். அங்கே இறுகுபூச்சு என்றால் குழப்பம் வராது. பெயின்ட் கடையில் வரலாம், ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு நன்மை, வினைச்சொற்கள் தானாகவே கிடைக்கின்றன. க்யூரிங் என்பதற்கு இறுகல், க்யூரிங் நேரத்துக்கு இறுகுநேரம். இந்த வேறுபாடு தம்பிக்குக் கட்டாயம் தேவைப்படும். பூசியவுடன் எண்ணெய்ப்பசை போலப் பல வண்ணம் காட்டி, அதைத் துடைத்துச் சமப்படுத்த வேண்டிய சில நிமிடங்கள் ஒன்று. முழுதாக இறுகும் நாள்கணக்கு இன்னொன்று. முதலாவதற்குத் துடைப்புநேரம் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் காற்றில் ஈரமும் சூடும் அதிகம், அதனால் துடைப்புநேரம் குளிர்நாட்டுக் கையேட்டில் போட்டிருப்பதைவிடச் சுருங்கும். கார்ப்ரோவின் சிகுவார்ட்ஸ் யூகே என்ற பூச்சு, பெயரிலேயே தெரிவதுபோல், பிரிட்டனின் குளிரையும் ஈரத்தையும் மனதில் வைத்துச் செய்தது. நம் வெயிலில் அதைப் பூசுகிறவர் பானெட் முழுக்கத் தேய்த்துவிட்டு நிதானமாகத் துடைக்க முடியாது, ஒன்றரை அடிச் சதுரமாகப் பிரித்துக்கொண்டு போக வேண்டும். நேரம் தப்பினால் துடைபடாத இடம் கருத்த தழும்பாக இறுகிவிடும். ஹை ஸ்பாட் என்று சொல்வது அது. இதற்குத் ‘திட்டு’ போதும் என்று நினைக்கிறேன், திட்டுத்திட்டாக இருக்கிறது என்று பட்டறைகளில் ஏற்கெனவே சொல்கிறார்கள்.

பொருள்வரிசையின் மற்றவற்றுக்குச் சொல் தேட அதிகம் மெனக்கெட வேண்டாம். அயர்ன்எக்ஸ் ஓர் இரும்புத்துகள் நீக்கி. பிரேக்கிலிருந்து பறந்து பெயின்ட்டில் பதிந்த இரும்போடு சேர்ந்து ஊதா நிறமாக வழியும், கந்தக நெடி அடிக்கும். எரேசர் என்பது எண்ணெய் நீக்கி. ரீசெட் காரமோ அமிலமோ இல்லாத நடுநிலை ஷாம்பு, டீஸ்கேல் அமில ஷாம்பு. ரீலோட் பூச்சின் மேல் தெளிக்கும் சிலிக்கா மெருகுநீர்.

இவற்றில் எரேசரையும் டீஸ்கேலையும் தம்பி கவனித்து எழுத வேண்டும். மெருகுப்பசையில் இருக்கும் எண்ணெய் சுழல் கீறல்களை நிரப்பி மறைத்துவிடும். அதைத் துடைக்காமல் மேலே பூசினால் பூச்சு பெயின்ட்டைப் பிடிக்காது, எண்ணெயைத்தான் பிடிக்கும். எண்ணெய் நீக்கியால் துடைத்த பிறகு வெளிச்சம் அடித்துக் காட்டாத கடையில் பூச்சு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயன் குறைவு. அடுத்தது டீஸ்கேல். சில மாதம் கழித்து நீர் முத்தாகத் திரளவில்லை என்றால் பூச்சு போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். பல சமயம் பூச்சு அங்கேயேதான் இருக்கும், மேலே உப்பும் சாலை அழுக்கும் படலமாக மூடியிருக்கும். அமில ஷாம்பு போட்டுக் கழுவினால் மறுபடி முத்துத் திரளும். ஆகவே ‘நீடிப்பு’ என்பதையும் ‘முத்துத்திரளல்’ என்பதையும் ஒரே சொல்லால் எழுதிவிடக் கூடாது. இரண்டு வருடம் வரும் என்று புட்டி சொல்வது நீடிப்பை. கடைக்காரர் வாளித் தண்ணீர் ஊற்றிக் காட்டுவது முத்துத்திரளலை.

நியாயமாகச் சோதிக்க, பானெட்டின் நடுவில் நாடா ஒட்டி ஒரு பாதியில் மட்டும் பூசி, இரண்டு பாதியையும் ஒரே ஷாம்பு, ஒரே துணி, ஒரே தண்ணீரால் கழுவி வரச் சொல்லுங்கள். பூசாத பாதி பக்கத்திலேயே இல்லாத மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

கடைசியாக டீட்டெய்லிங், அதாவது வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றும் வேலை. நகாசு வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் அது பொன்னிலும் சிலையிலும் நுணுக்கம் சேர்ப்பது. இங்கே நாம் எதையும் சேர்ப்பதைவிட இருப்பதை வெளியே கொண்டுவருகிறோம். விளக்கைத் துலக்குகிறோம், வெண்கலப் பாத்திரத்தைத் துலக்குகிறோம். வீட்டில் இன்னும் உயிரோடு இருக்கும் சொல். வண்டித் துலக்கம் என்றால் அழுக்கெடுப்பதும் மெருகேற்றுவதும் சேர்ந்தே வருகின்றன, வாட்டர் வாஷிலிருந்தும் தெளிவாகப் பிரிகிறது.

கடைப்பலகையில் செராமிக் என்றே இருக்கட்டும், பொருளின் பெயரையும் மாற்ற வேண்டாம். முதல் முறை வரும் இடத்தில் ‘செராமிக் கோட்டிங் எனப்படும் இறுகுபூச்சு’ என்று எழுதிவிட்டு, பிறகு இறுகுபூச்சு என்றே தொடரலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு ஒரு கேள்வி. சேர்கோணம் இங்கே பள்ளிப் பாடநூல் சொல், உங்கள் பக்கம் தொடுகைக் கோணம் என்றுதான் புழங்குகிறதா? அப்படியானால் மதிப்பீட்டில் இரண்டையும் ஒருமுறை சேர்த்துப் போடச் சொல்கிறேன். திட்டு என்ற சொல் அங்கே வேறு பொருளில் இடிக்குமா என்பதையும் எழுதுங்கள். தம்பி கட்டுரையை அனுப்பும் முன் தெரிந்தால் நல்லது.

அன்புடன்.