ஓபரா ஹவுஸுக்கு எத்தனை டிக்கெட்?

[ஆச்சி பேரப்பிள்ளைகள் 🙏]

மீனா: ஞாயிறு சாயங்காலம் அம்மு ஸ்கூல் பாட்டுக் கச்சேரி, நம்ம மும்பை ராயல் ஓபரா ஹவுஸில். யார் யார் வருகிறீர்கள்? இன்று ராத்திரிக்குள் சொன்னால்தான் டிக்கெட்.

முலுண்ட் அத்தை: 2

முலுண்ட் அத்தை: மாமாவுக்குக் கால் வீக்கம். 1

கார்த்தி: ஓபரா ஹவுஸ்னா வைர மார்க்கெட் ஆச்சே. அங்கே அரங்கம் வேற இருக்கா?

செம்பூர் சித்தப்பா: ஏரியாவுக்குப் பேர் வந்ததே அந்த அரங்கத்தால்தான் தம்பி. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் வந்து திறந்தார், அப்போது கட்டி முடிக்கக்கூட இல்லை. பிறகு சினிமா தியேட்டர் ஆனது. 1952-ல் குஜராத்தின் கோண்டல் ராஜா குடும்பம் வாங்கியது. 1993-ல் பூட்டிவிட்டார்கள். பூட்டுவதற்கு முன் பால்கனியில் உட்கார்ந்து நான் படம் பார்த்திருக்கிறேன்.

முலுண்ட் அத்தை: யாரோட?

மைனி: 😂😂

செம்பூர் சித்தப்பா: அது இப்போது எதற்கு. ஆபா நாராயண் லம்பா என்கிற கட்டடக் கலைஞர் பொறுப்பில் புதுப்பித்து 2016-ல் திறந்தார்கள். அடுத்த வருஷமே யுனெஸ்கோ விருது. ஏசி, லைட் எல்லாம் இந்தக் காலத்துக்கு ஏற்றபடி, ஆனால் உள்ளே போனால் பழைய ஓபரா அரங்கமேதான். முன்கூடத்தில் சரவிளக்கு தொங்கும், பழைய மும்பை வியாபாரிகளான சசூன் குடும்பம் கொடுத்தது. அதற்கு மேலே குவிமாடம், எட்டுப் பங்காகப் பிரித்து வரைந்திருக்கும். கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தேன்.

பெரியப்பா: பார்க்கிங் உண்டா?

மீனா: ட்ரெயின்ல வாங்க பெரியப்பா. சர்னி ரோடு இறங்கி நடக்கலாம்.

பெரியப்பா: [போட்டோ] இதைப் பாருங்கள். ஊர் வீட்டு முன்கட்டுத் தார்சாவுக்கு டைல்ஸ். கொத்தனார் திங்கள்கிழமை வருகிறார்.

மைனி: வெள்ளையா? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே

செம்பூர் சித்தப்பா: அண்ணே, நான் இவ்வளவு நேரம் எதற்குச் சொன்னேன்? பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற வேலையில் எடுத்தவுடனே உடைக்க மாட்டார்கள். சுவரில் ஒரு மூலையைச் சுரண்டி, அடுக்கடுக்காக இருக்கும் பெயிண்டுக்கு அடியில் முதல் நிறம் எது என்று பார்ப்பார்கள். வெனிஸில் லா ஃபெனீசே அரங்கம் 1996-ல் எரிந்து சாம்பலானது. "இருந்தபடியே, இருந்த இடத்திலேயே" என்று சொல்லி 2003-ல் திரும்பக் கட்டினார்கள். எரிந்ததையே அப்படிக் கட்டுகிறார்கள். நம் தார்சாவில் விரிசல் விட்டது நாலு கல்.

பெரியப்பா: அவர்களுக்கு ராஜா இருந்தார். இங்கே மின்சார பில்கூட நான்தான் கட்டுகிறேன். உள்கூடம், பட்டாசல் ஒழுகியபோது யார் வந்தீர்கள்?

(6 பேர் படித்துவிட்டார்கள்)

கார்த்தி: 🙈

முலுண்ட் அத்தை: அந்தச் சிவப்புத் தரையில்தான் அம்மா என்னைத் தாயம் ஆடவைத்தாள். கட்டம்கூட அழியலை

பெரியப்பா: சரி சரி. கொத்தனாரிடம் தார்சாவை மட்டும் அப்புறம் பார்க்கலாம் என்கிறேன். அடுக்களை டைல்ஸ் உறுதி.

மைனி: அடுக்களையில் அம்மி?

பெரியப்பா: அதைப் போனில் பேசுவோம்.

செம்பூர் சித்தப்பா: சுரண்டிப் பார்க்க ஒரு நாள் போதும் அண்ணே, நானே வருகிறேன்.

பெரியப்பா: 2009-லும் இப்படித்தான் சொன்னாய்.

மீனா: அய்யோ, டிக்கெட்! அத்தை 1, சித்தப்பா 2, கார்த்தி?

கார்த்தி: மேட்ச் இருக்கு. பார்க்கிறேன்

மீனா: பெரியப்பா?

முலுண்ட் அத்தை: மாமா வர்றாராம். 2 போடு. லிஃப்ட் இருக்கான்னு கேட்டுச் சொல்